ஆராய்ச்சி வயலுக்கு வரும் வழி

கல்லூரியொன்று விழாவெடுக்கும் வேளையில் அதன் மைந்தர் பெற்ற பட்டங்களையும் பதவிகளையும் எண்ணிக் களித்தல் உலகியல்பு. இம்மலரின் ஏனைய பக்கங்கள் அப்பணியைச் செவ்வனே ஆற்றும் என்பதில் எமக்கு ஐயமில்லை. யாமோ இங்கு வேறொரு கூட்டத்தாரைப் பற்றிச் சில சொல்லத் துணிந்தோம். தம் பிள்ளையை வெள்ளைச் சட்டையுடன் கல்லூரி வாயிலில் இறக்கிவிட்டு, மண் படிந்த துவிச்சக்கர வண்டியைத் திருப்பிக்கொண்டு தோட்டத்திற்குச் சென்ற தந்தையரே அக்கூட்டத்தார். புகையிலை விற்ற பணத்தில் எத்தனை பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கப்பட்டது, வெங்காயம் கிண்டிய கையால் எத்தனை பரீட்சைக் கட்டணம் செலுத்தப்பட்டது என்று கணக்கிட்டார் எவருமிலர். அவர்க்கு இக்கல்லூரி பட்டிருக்கும் கடன் பெரிது. அதனைத் தீர்க்கும் வழியொன்றைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

யாம் விவசாய விஞ்ஞானி அல்லோம். தமிழ் கற்பிக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியரே. கமக்காரர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, இன்று கமக்காரரின் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகின்றோம். ஆதலால் விஞ்ஞானத்தைப் பற்றி விரித்துப் பேச எமக்கு உரிமையில்லை. சொல்லைப் பற்றிப் பேசச் சிறிது உரிமையுண்டு. கமத்துறை ஆராய்ச்சி நம்மிடையே இடறி நிற்கும் இடம் பெரும்பாலும் சொல்லே என்பது எமது துணிபு.

கமக்காரருக்காக ஆராய்வார் இல்லை என்பார் கூற்று உண்மையன்று. இலங்கையின் விவசாயத் திணைக்களம் 1912ஆம் ஆண்டிலே தோன்றியது. பத்தலகொடையில் நெல்லாராய்ச்சி நிலையம் 1952இல் நிறுவப்பட்டது. மகா இலுப்பள்ளமையில் உலர்வலயப் பயிர்கள் ஆராயப்படுகின்றன. நம் அயலிலே திருநெல்வேலியில் ஆராய்ச்சி நிலையம் இருந்து வந்திருக்கின்றது. கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இயங்குகின்றது. இவற்றிற் பணிபுரிவோருள் இக்கல்லூரி போன்ற கல்லூரிகளில் வாங்கிலிருந்து படித்தவர் பலர். குறை அவர்தம் அறிவிலும் இல்லை, உழைப்பிலும் இல்லை.

அவ்வாராய்ச்சியின் பயன்களை நோக்குங்கால் ஒரு வேற்றுமை புலனாகும். விதையாய் வந்த ஆராய்ச்சி விரைந்து நடந்தது. சொல்லாய் வந்த ஆராய்ச்சி வழியிலே நின்றுவிட்டது. 1958இல் வெளியிடப்பட்ட எச்-4 என்னும் நெல்லை எடுத்துக்கொள்வோம். முருங்கைக்காயன் என்னும் நம் நாட்டு நெல்லையும் மாஸ் என்னும் இந்தோனேசிய நெல்லையும் கூட்டிப் பெற்ற இனம் அது. ஒரு வயலில் அது விளைந்து சாய்ந்து கிடப்பதைக் கண்ட அயல்வயற்காரர், சூடு மிதித்த அன்றே விதைநெல்லுக்குச் சொல்லி வைத்துவிடுவார். அதற்குத் துண்டுப்பிரசுரமும் வேண்டியதில்லை, சொற்பொழிவும் வேண்டியதில்லை. திருநெல்வேலி ஊதா என்று நிலையத்தின் ஊர்ப்பெயராலேயே வழங்கும் கத்தரியும் அவ்வாறே. விதை தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும்.

ஆனால் ஆராய்ச்சியின் பெரும்பகுதி விதையாய் வருவதில்லை. எவ்வளவு பசளை, எந்த நாளில், எத்தனை முறை இறைப்பு, மருந்தடித்தபின் எத்தனை நாட் பொறுத்தல், கன்றீன்ற பசுவுக்கு எவ்வகைத் தீன் என்பன யாவும் சொல்லாகவே வரவேண்டியவை. சொல் பிழைத்தால் அறிவுரை பிழைக்கும். அதற்கு யாம் நேரிற் கண்ட சான்றொன்று கூறுவோம்.

சில ஆண்டுகளின் முன் எம் மாணவன் ஒருவனின் தந்தையார் மாலைப்பொழுதில் எம் வீட்டுக்கு வந்தார். வயதில் எமக்கு மூத்தவர். கத்தரியும் மிளகாயும் செய்பவர். மடியிலிருந்து நான்காய் மடித்த தாளொன்றை எடுத்து விரித்தார். அது பூச்சிநாசினி பற்றிய அறிவுறுத்தல். அட்டவணையில் “அறுவடை முன் இடைவெளி” என்று தலைப்பிட்டு, அதன்கீழே 14 என்ற இலக்கம் மட்டும் அச்சிடப்பட்டிருந்தது. “மாஸ்ரர், கண்டுகள் நட்டு முடிஞ்சுது. இப்ப பதினாலு அங்குல இடைவெளி விடச் சொன்னால் எப்பிடி விடுறது?” என்று கேட்டார். யாம் வாசித்துப் பார்த்தோம். மருந்தடித்த நாளுக்கும் காய் ஆயும் நாளுக்குமிடையே 14 நாட் கழியவேண்டும் என்பதே அதன் பொருள். “அண்ணை, இது கண்டுக்கு இடையிலை விடுற இடைவெளி இல்லை, மருந்தடிச்சால் பதினாலு நாளைக்குக் காய் ஆயக்கூடாது எண்டு சொல்லுது” என்றோம். அவர் முகம் வாடிற்று. முதல்நாள் மருந்தடித்து மூன்றாம் நாள் காய் ஆய்ந்து சந்தைக்கு அனுப்பியிருந்தார். அச்சந்தையிலேதான் எம் வீட்டாரும் அவ்வாரக் கறிக்குக் கத்தரிக்காய் வாங்கியிருந்தனர்.

அவர் எழுத்தறியாதவர் அல்லர். நாடோறும் பத்திரிகை வாசிப்பவர். அவருடைய அறியாமை என்று அதனைத் தள்ளிவிடல் அநீதி. பிழை அத்தாளை எழுதினோர்பாலது. ஆங்கிலத்தில் எழுதியதை அகராதி கொண்டு சொல்லுக்குச் சொல் பெயர்த்து அச்சிட்டிருந்தனர். “மருந்தடித்தபின் பதினான்கு நாள் கழியும்வரை காய் ஆயாதீர்” என்று எழுத எவ்வளவு மை செலவாகும்? “ஆய்தல்” என்னும் சொல் நம் தோட்டங்களில் ஒவ்வொரு நாளும் வழங்குகின்றது. அச்சொல்லை அறியாத தமிழில் எழுதப்பட்ட அறிவுரை, நஞ்சைப் போத்தலிலிருந்து வெளியேற்றிச் சட்டியில் இட்டுவிட்டது.

அளவுகளின் கதையும் இதுவே. திணைக்கள நூல்கள் எக்டேயருக்கு இத்தனை கிலோ என்று கூறும். நம் தோட்டக்காரர் எண்ணுவது பரப்புக்கணக்கில். பதினாறு பரப்பு ஓரேக்கர். ஓர் எக்டேயர் ஏறக்குறைய நாற்பது பரப்பு. ஆகவே எக்டேயருக்கு 100 கிலோ என்றால் பரப்புக்கு இரண்டரைக் கிலோ. இச்சிறு கணக்கைத் தாளிலே செய்து தருவாரில்லை. இரண்டு பரப்பில் வெங்காயம் நட்டவர், கடைக்காரர் கூறும் அளவை நம்பி அள்ளி வீசுகின்றார். குறைந்தால் விளைவு குறையுமே என்ற அச்சத்தால் அவர் கை எப்போதும் மிகையின்பக்கமே சாயும். அவ்வச்சம் இயல்பானது, கடன்பட்டுப் பயிரிட்டவருக்கு வேறெவ்வாறு இருக்கும்?

அறிவுரையை அளவோடு கூறுதல் தமிழுக்குப் புதிதன்று. வள்ளுவர் உழவுக்கென ஓரதிகாரம் வகுத்தவர். அதிலே உழுத புழுதி எவ்வளவுக்குக் காயவேண்டும் என்பதைப் தொடி, கஃசு என்னும் அக்கால நிறைகளாற் கூறுகின்றார். ஒரு பலம் புழுதி காற்பலமாகும் வரை காயவிட்டால் எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்பது அவர் கருத்து. அக்கருத்து எல்லா மண்ணுக்கும் பொருந்துமா என்பதை விஞ்ஞானிகள் கூறட்டும். யாம் இங்குச் சுட்டுவது ஒன்றே: உழவன் கையிலிருந்த படிக்கல்லாலேயே உழவனுக்கு அளவு கூறினார் அப்பெரியார். அம்முறையை இக்காலத்துத் துண்டுப்பிரசுரம் கைவிட்டது ஏனோ?

இனிக் கால்நடைகளை நோக்குவோம். நம் நாட்டில் 1980களிலே வைக்கோலை யூரியாவாற் பதப்படுத்தும் முறை நன்கு ஆராயப்பட்டது. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை ஏறக்குறைய நூறு லீற்றர் நீரிற் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாது மூடி, இரண்டு வாரம் விட்டுப் பின்னர் மாட்டுக்கு இடுதல் அம்முறை. வைக்கோல் மென்மையுறும், மாடு கூடுதலாக உண்ணும், செரிமானமும் சத்தும் மிகும். ஆராய்ச்சியிற் குறையில்லை. ஆயினும் நம்மூர்த் தொழுவங்களில் அதனைக் காண்டல் அரிது. ஏன்? நீர் சுமக்க ஆள் வேண்டும். மூட விரிப்பு வேண்டும். யூரியாவுக்குப் பணம் வேண்டும். ஒரு பசுவும் கன்றும் வைத்திருப்பவள் பெரும்பாலும் வீட்டுப் பெண். அவளுக்கு விடியுமுன் பால் கறந்து, பிள்ளைகளை அனுப்பி, சமைத்து முடிக்கவேண்டிய வேலை உண்டு. ஆராய்ச்சியாளர் வைக்கோலை அளந்தார். அவளுடைய பொழுதை அளந்திலர். கமக்காரர் அறிவுரையை ஏற்கவில்லை என்பதும் ஒரு விடைதான். அதனைக் கேட்டு எழுதிக்கொள்ளல் ஆராய்ச்சியின் ஒரு பகுதியாக வேண்டும்.

அவளுக்குப் பொருந்தும் அறிவுரைகள் எளியனவாய் உள்ளன. பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு நீரே. காலையும் மாலையும் மட்டும் நீர் காட்டப்படும் பசு, எந்நேரமும் எட்டும் இடத்தில் வாளிநீர் வைக்கப்பட்ட பசுவுக்கு ஈடாகப் பால் தராது. இதற்குச் செலவு ஒரு வாளி. வேலியிலே தானாய் வளரும் கிளிசரிடியாக் குழையைச் சற்று வாடவிட்டுப் புல்லோடு கலந்து கொடுத்தால் புரதச்சத்துக் கிடைக்கும். இதற்குச் செலவு ஒரு கத்தி. 2022ஆம் ஆண்டு மார்கழியில் மண்டூஸ் புயலையொட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் திறந்த வெளியில் நின்ற மாடுகளும் ஆடுகளும் பெருந்தொகையாய் இறந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். நனையாத தரை, காற்று வரும் பக்கம் ஒரு கிடுகுத் தட்டி, வயிறு நிறைந்த தீன் என்பவை இருந்த இடத்தில் மெலிந்த விலங்கும் தப்பிப் பிழைக்க வழியுண்டு. இவை பெருங்கண்டுபிடிப்புகள் அல்ல. எனினும் உரிய நாளில், உரிய சொல்லில், உரியவர் காதில் விழாத அறிவு இல்லாத அறிவுக்கு ஒப்பாகும்.

இதுவரை கூறியன பணத்தையும் பாலையும் பற்றியவை. இனிக் கூறப்போவது நம் உயிரைப் பற்றியது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறு ஒன்றுண்டு, அதுவும் மாரியில் மட்டுமே ஓடும். நாம் குடிப்பதும் குளிப்பதும் இறைப்பதும் மழை தந்த நிலத்தடி நீரையே. அந்நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. செம்பாட்டு மண் பல இடங்களில் ஆழங்குறைந்தது. நீரை எளிதில் உட்செல்ல விடுவது. அதன்மேல் நாம் இடும் யூரியாவில் நூற்றுக்கு நாற்பத்தாறு பங்கு நைதரசன். ஐம்பது கிலோப் பையொன்றில் இருபத்துமூன்று கிலோ. வெங்காயத்தின் வேர் ஆழச் செல்லாது. அதற்கு எட்டாத நைதரசன் நைத்திரேற்றாக மாறி இறைப்புநீரோடு கீழிறங்கிக் கிணற்றைச் சேரும். மலக்குழிகளிலிருந்தும் அது சேர்வதுண்டு.

குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் வரையறை. குடாநாட்டில் செறிவாகத் தோட்டஞ்செய்யும் பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் அது அவ்வெல்லையைக் கடந்திருத்தலை 1980கள் முதலாகவே ஆய்வாளர் எடுத்துக்காட்டி வந்துள்ளனர். புட்டிப்பால் கரைக்க அந்நீரைப் பயன்படுத்தினால் கைக்குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் வலு குன்றிக் குழந்தை நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் கெடுதி நீங்கும் என்று தாய்மார் எண்ணுகின்றனர். நைத்திரேற்றுக் கொதியால் நீங்காது. நீர் வற்றுந்தோறும் அதன் செறிவு கூடும். நாற்பதாண்டுகளாக ஆய்வுக்கட்டுரைகளில் இருக்கும் இச்செய்தி, அக்கிணற்றடியில் வாளியோடு நிற்கும் தாயிடம் இன்னும் போய்ச்சேரவில்லை என்றால் அதனைவிட வெட்கக்கேடு யாது? பசளையைச் சிறுசிறு கூறாகப் பிரித்திடலும், பாத்தி நிரம்பி வழிய இறைக்காமையும், பரப்புக்கு உரிய அளவைக் கடவாமையும் கமக்காரர் செலவையும் குறைக்கும், கிணற்றையும் காக்கும். இதனை அவரிடம் அவர் மொழியிற் கூறினோமா?

இங்கு எம் பிழையொன்றையும் ஒப்புக்கொள்ளல் கடன். 1990ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்துக்குப் பொருள்கள் பல தடைசெய்யப்பட்டன. அவற்றுள் யூரியாவும் ஒன்று. யாம் அப்போது சிறுவர். எம் தந்தையார் சில நாட் பேசாதிருந்தார். பின்பு கத்தியை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனார். பூவரசங்குழையும் காவிளாயும் பழைய பனையோலையும் தறையிலே தாழ்க்கப்பட்டன. பட்டிக்காரரிடம் சொல்லி மாடுகளை இரவில் தோட்டத்திற் கட்டுவித்தார். அடுப்புச் சாம்பல் ஒரு கைப்பிடியும் வீணாக விடப்படவில்லை. வெங்காயம் அளவிற் சிறுத்தது, நிறையும் குறைந்தது, அதனை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் கட்டித் தூக்கிய பிடிகள் முன்னைய ஆண்டுகளைவிட நெடுநாள் அழுகாது கிடந்தன. இரண்டாம் மூன்றாம் போகங்களில் எந்தக் குழை, எத்தனை கட்டு, நடுவதற்கு எத்தனை நாள் முன் என்பவற்றை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒரு பாத்திக்குச் சாம்பலும் மறுபாத்திக்கு எருவும் இட்டு வேற்றுமை கண்டார். ஆராய்ச்சி என்பது அதுவன்றி வேறென்ன? அவர் நெஞ்சிலே ஏடு இருந்தது, கையிலே இல்லை. 1995இன் இடப்பெயர்வுக்குப் பின் அத்தோட்டத்திற்கு அவர் திரும்பியபோது உடல் தளர்ந்திருந்தது. சில ஆண்டுகளில் மறைந்தார்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. நாட்டு வயல்களிலே படிப்படியாகச் சோதித்துப் பாராமல், ஒரே ஆணையால் அம்மாற்றம் கொணரப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியது. அதற்குள் காலபோகத்து விதைப்பு நடந்துகொண்டிருந்தது. விளைவு பெரிதும் வீழ்ந்தது. அந்நாட்களில் அயலார் சிலர் எம்மிடம் வந்து, “அப்புவின்ர தோட்டம் யூரியா இல்லாமலும் நிண்டதே, எத்தனை கட்டுக் குழை தாட்டவர்?” என்று கேட்டனர். எம்மால் விடை கூற முடியவில்லை. பிறர் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கட்டுரை எழுதக் கற்பித்த யாம், எம் தந்தையார் கண்டறிந்ததை ஒரு பக்கத்திலும் எழுதி வைத்திலோம். குழை யூரியாவுக்கு முழுதும் ஈடாகும் என்று யாம் வாதிடவில்லை. ஐந்தாண்டு கைகண்ட அளவுகள் எழுத்தில் இருந்திருந்தால், எவ்வளவு குறையும், எவ்வாறு சமாளிக்கலாம் என்றாவது அறிந்திருப்போம். நூற்றுக்கணக்கான தோட்டங்களில் நடந்த அப்பெருஞ் சோதனை ஒரு குறிப்பேடுமின்றி மண்ணோடு மண்ணாயிற்று.

எழுதிவைத்தலின் மதிப்பை அறிய ஒருகணம் கடல்கடந்து நோக்குவோம். இங்கிலாந்தில் இரதம்ஸ்ரெட் என்னும் இடத்தில் லோஸ் என்னும் நிலக்காரரும் கில்பேட் என்னும் இரசாயன அறிஞரும் 1843ஆம் ஆண்டில் ஒரு கோதுமை வயலைக் கீற்றுகளாகப் பிரித்தனர். ஒரு கீற்றுக்குத் தொழுவெரு, வேறு கீற்றுகளுக்கு வேறுவேறு பசளைகள், ஒரு கீற்றுக்கு ஒன்றுமே இல்லை. ஒவ்வோராண்டும் விளைவை நிறுத்து எழுதினர். அவர்க்குப் பின் வந்தோரும் எழுதினர். இன்றுவரை அவ்வயலில் அச்சோதனை தொடர்கின்றது. ஒன்றும் இடாத அந்தக் கீற்றே மற்றவை யாவற்றுக்கும் உரைகல். அது இல்லையேல் விளைவு பசளையால் வந்ததா மழையால் வந்ததா என்று எவராலுங் கூறவியலாது. இதைச் செய்ய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு தராசும் ஒரு கொப்பியும் பொறுமையும் போதும்.

எளிமையாக ஆராய்ச்சியை வயலுக்குக் கொணர முடியும் என்பதற்குப் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் பரவிய இலைநிற அட்டை நல்ல சான்று. வெளிர்பச்சை முதற் கரும்பச்சை வரையான நிறங்கள் தீட்டிய சிறு துண்டு அது. நெல்லிலையை அதனருகே பிடித்து நிறத்தை ஒப்பிட்டால் யூரியா இடவேண்டுமா, பொறுக்கலாமா என்று தெரியும். பெருங்கணக்குகளைக் கமக்காரரின் கண்ணுக்குத் தெரியும் வண்ணமாக மாற்றியமைத்தமையே அதன் சிறப்பு.

அறிவுரை கூற ஆட்கள் இல்லையா என்று சிலர் கேட்பர். கிராம மட்டத்தில் நடமாடிய விரிவாக்க சேவையாளர் பெருந்தொகையினர் 1989ஆம் ஆண்டளவிலே கிராம அலுவலர் பதவிகளுக்கு மாற்றப்பட்டனர். அதன்பின் விவசாயப் போதனாசிரியர் ஒருவரின் தலையில் பல கிராமங்கள் விழுந்தன. அவரைக் குறைகூறிப் பயனில்லை. 1920 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி எடுத்தால் தமிழிலும் ஆலோசனை பெறலாம், அது நற்பணி. எனினும் இலையின் மேற்புறத்தை நீவிப் பார்த்து, “இது நோயன்று, உவர்” என்று சொல்ல அருகில் ஒரு மனிதர் வேண்டியிருக்கின்றது.

கல்லூரியின் வேலை பரீட்சைக்குப் பயிற்றுதல். கமம் அதன் வேலையன்று என்பாரும் உளர். அவர்க்கு எம் விடை இது. தமிழ்ப் பாடத்திலே கடிதமும் கட்டுரையும் சுருக்கமும் கற்பிக்கின்றோம். தன் தந்தையின் தோட்டத்தைப் பற்றிப் பிழையற ஒரு பக்கம் எழுதத் தெரியாத மாணவன், இல்லாத ஒரு சுற்றுலாவைப் பற்றி மூன்று பக்கம் எழுதிப் பெறும் புள்ளியால் யாது பயன்? விஞ்ஞான பாடத்தில் நைத்திரேற்றைக் கற்றவன் தன் வீட்டுக் கிணற்றைச் சோதிக்காவிடின் அக்கல்வி எங்கு நிற்கும்?

ஆதலால் இவ்விழாவாண்டிலே தொடங்கக்கூடிய சில பணிகளை முன்வைக்கின்றோம். முதலாவது, கல்லூரி வளவில் அரைப் பரப்பு நிலத்தை ஒதுக்கி, மூன்று கூறாக்கி, ஒன்றுக்கு ஊர் வழக்கப்படி, மற்றொன்றுக்குத் திணைக்களம் விதித்த அளவுப்படி, மூன்றாவதற்கு ஒன்றும் இடாமல் வெங்காயம் நடவேண்டும். மாணவரே நிறுத்து எழுதவேண்டும். ஒரு போகத்தால் உண்மை தெரியாது. ஐந்து போகமாவது இடைவிடாது செய்யவேண்டும்.

இரண்டாவது, மாரி முடிவிலும் கோடை முடிவிலும் மாணவர் தத்தம் ஊர்க் கிணறுகளின் நீரை எடுத்துவரச் செய்து, ஆய்வுகூடங்களிற் பணிபுரியும் பழைய மாணவர் உதவியுடன் சோதித்து, முடிவை அவ்வூர்ச் சனசமூக நிலையத்து வாசிகசாலையில் ஒட்டவேண்டும். எந்த வீட்டாரையும் நாணச் செய்யாத வகையில், எவரும் விளங்கும் எழுத்தில், எல்லை 50 என்று குறித்து ஒட்டவேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு கமக்காரர் வீட்டு மாணவனும் ஒரு கமக் குறிப்பேடு வைத்திருக்கவேண்டும். நட்ட நாள், இட்டது, இறைத்தது, கண்ட நோய், செய்த மருந்து, பெற்ற நிறை, விற்ற விலை என்பன போதும். மாடு வைத்திருப்போர் சினைப்பட்ட நாளையும் கன்றீன்ற நாளையும் நாளொன்றுக்குக் கறந்த பாலையும் எழுதலாம். தாத்தாவும் அப்பாச்சியும் கூறும் பழைய முறைகளையும் அவ்வேட்டிற் பதியவேண்டும். அவற்றுட் சில பிழையாகலாம். எழுதிவைத்தாலன்றோ பிழை தெரியும்?

நான்காவது எம் போன்ற தமிழாசிரியர்க்குரியது. திணைக்களத்தாரும் பல்கலைக்கழகத்தாரும் வெளியிடும் அறிவுறுத்தல்களை அச்சுக்குப் போகுமுன் எம்மிடம் தாருங்கள்; கூலியின்றித் திருத்தித் தருவோம். குழை, தறை, பரப்பு, ஆய்தல், தாழ்த்தல், பட்டி, கட்டாக்காலி என்று நம் தோட்டங்களில் வழங்கும் சொற்களைத் தொகுத்து ஒரு சிறு கையேடும் ஆக்குவோம். புலமைக்கு இது இழுக்கன்று. மொழிக்கு இதுவே உரம்.

பழைய மாணவரே! உங்களுள் விவசாயப் பட்டதாரிகள் உளர். மிருக வைத்தியர் உளர். நீர்வள வல்லுநர் உளர். பிறநாட்டு ஆய்வுகூடங்களில் உயர்ந்த இடம் பெற்றோரும் உளர். கல்லூரிக்கு மண்டபம் கட்டித் தர நீங்கள் முன்வருதல் போற்றத்தக்கது. அதனோடு மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஏதேனும் ஓர் ஊரின் வாசிகசாலைத் திண்ணையில் வந்து அமருங்கள். தொலைவில் உள்ளோர் ஒரு நீர்ச் சோதனைக் கருவிக்கு உதவுங்கள். வந்தமர்வோர் முதல் மணிநேரம் பேசாதிருந்து கேளுங்கள் என்று வேண்டுகின்றோம். நீங்கள் நூலிற் கண்டிராத கேள்விகள் பல அங்கே எழும். அவற்றுட் சில உங்கள் அடுத்த ஆராய்ச்சிக்குத் தலைப்பாகும்.

மாணவ மணிகளே! உங்கள் தந்தையர் கையிலுள்ள மண்ணைக் கண்டு நாணாதீர். அவர் அறிந்ததை நீங்கள் எழுதாவிடின் எவர் எழுதுவார்? எம் தந்தையாரிடம் கேட்கத் தவறிய கேள்வி இன்றும் எம்மை உறுத்துகின்றது. உங்களுக்கு இன்னும் காலம் உண்டு. இன்று மாலை வீடு சென்றதும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போங்கள்.

கமம் தழைக்க, கன்று காலிகள் பெருக, கிணற்று நீர் தெளிய, கல்லூரித் தாய் நீடு வாழ்க.